பிரிவு நான்கு, உட்பிரிவு இ

சட்டம் முப்பத்தொரு பக்கம்.
அதில் செக்காலை ரோடு இல்லை,
மாதா கோயில் பின்சந்து இல்லை,
எரிந்த மோட்டாரின் வாடை இல்லை.
நான் ஆடிட்டர் ஆபீசில் இரண்டாம் மேசை.
அரசிதழைப் படித்துச் சொல்வதற்குத்தான் சம்பளம்.

காயில் கட்டும் செபாஸ்டியம்மாள்
விரலில் வார்னிஷ் கறையோடு வந்து
நாற்காலி அழுக்காகும் என்று நின்றே பேசினாள்.
"ஒம்பது லட்சம். கம்பி சுத்துற மெஷின்.
கையால கட்டுனா நாளைக்கு மூணு மோட்டார்.
மெஷின் வந்தா பதினொண்ணு."
வங்கியில் என்ன கேட்டார்கள்?
"அடமானம்."
என்ன இருக்கிறது?
"மூணு மோட்டார். அதுவும் ஊரான் வீட்டுது."

கடல் தாண்டிக் கடன் கொடுத்து
காசு பிசகாமல் வட்டி எழுதிய சீமை இது.
இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்
நகைக்கடன் பலகைகள் இருபத்திரண்டு,
எண்ணியிருக்கிறேன்.
பவுன் இருந்தால் பத்து நிமிடம்.
அவள் தோடு போன ஐப்பசியிலேயே
செம்புக்கம்பி ஆகிவிட்டது.

பழைய சட்டத்தில் பங்கு வாங்க
பணக்காரன் என்று சான்றிதழ் வேண்டும்.
இல்லாதவன் ஏமாந்துவிடக் கூடாதாம்.
நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை.
சீட்டில் ஏமாறலாம்,
தேக்கு மரத்தில் ஏமாறலாம்,
கோழிப் பண்ணையில் குஞ்சோடு ஏமாறலாம்.
கண்ணெதிரே ஓடும் பட்டறையில் மட்டும்
காசு போடக் கூடாது.

புதிதில் இப்படி இருந்தது:
'சாதாரண நபரொருவர், ஓராண்டில்,
பத்தாயிரம் ரூபாய்க்கு மிகாமல்.'
மிகாமல் என்ற சொல்லை அன்றைக்குத்தான்
ஒரு நிலைப்படியின் உயரமாகப் பார்த்தேன்.
குனிந்தால் நுழையலாம்.

நுழைந்தார்கள்.
புதுவயல் அரிசி மில் ஃபிட்டர் கருப்பணன்,
பள்ளத்தூரில் ஐஸ் பார் போடும் ஜெய்லாபுதீன்,
கோட்டையூர் தையல்கடை உமையாள்,
மோட்டார் எரிந்த நாளில் பயிர் காய விட்டுப்
பழக்கப்பட்ட பத்துப் பன்னிரண்டு கிணறுகள்.
படிவத்தில் 'முதலீட்டின் நோக்கம்' என்ற கட்டத்தில்
ஒருவர் எழுதியிருந்தார்: தண்ணீர்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு போன்.
மொத்தத்தையும் நானே தருகிறேன், பாதிக் கடை எனக்கு.
சொன்னேன். வேலையை நிறுத்தாமலே கேட்டாள்:
"எந்தக் கை வேணுமாம் அவுகளுக்கு,
எடதா, வலதா?"

நூற்றி நாலு பேர். ஒன்பது லட்சத்துச் சொச்சம்.
கோயம்புத்தூரிலிருந்து மெஷின் வந்து
சந்தில் நுழையாமல் இரண்டு நாள் மழையில் நின்றது.
மாதா கோயில் கேட்டைத் திறந்துதான்
உள்ளே தள்ளினோம்.

மார்ச் முடிவில் ஐந்தொகை போட்டேன்.
ஆயிரத்துக்கு நாற்பத்தொரு ரூபாய்.
"சீட்டுல போட்டிருந்தா..." என்று தொடங்கியவர்களை
முடிக்க விட்டேன்.
ஒருவர் போட்டதைத் திருப்பிக் கேட்டார்.
மூன்று வருடம் முடியாது, பிரிவு பதினொன்று.
என்னைத்தான் ஏசினார்.
சட்டத்துக்கு வீட்டு விலாசம் கிடையாது.
எனக்கு உண்டு.

செபாஸ்டியம்மாளும் மாறித்தான் போனாள்.
முன்பு கடையைப் பூட்டினால் தூக்கம்.
இப்போது ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் கேட்கிறாள்,
செம்பு விலை ஏறியதை
நூற்றி நாலு பேருக்கும் சொல்லியாக வேண்டுமா என்று.
ஆம், பிரிவு ஒன்பது, என்று அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

போன வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தேன்.
கருப்பணன் சைக்கிள் கேரியரில்
மூன்று குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைக் கட்டி வந்தார்,
கருகியது, அவருடைய சொந்தக் கிணற்றுடையது.
"மொதலாளிக்கும் கூலி உண்டா?"
"ஆயிரத்து நானூறு" என்றாள்.
"மொதலாளிக்கும்."

சட்டைப்பையைத் தொட்ட கை அங்கேயே நின்றது.
பேரம் பேசினால் யார் லாபம் குறையும் என்று
அவர் கணக்குப் போட்டதை
உதட்டசைவில் பார்த்தேன்.

அப்படியும்,
"இருநூறு குறைச்சுக்க, தாயி" என்றார்.